பாட்டுப் புத்தகமும் தேர்வுத் தாளும்



மதிப்பெண் அட்டை வழங்கும் நாளில் பெற்றோர் சொல்லும் குறைகளுள் ஒன்று எல்லாப் பள்ளிகளிலும் ஒரே மாதிரியாக ஒலிக்கும். "சார், எந்நேரமும் காதில் பாட்டுத்தான். புத்தகத்தைத் தொடுவதே இல்லை. நீங்களாவது கண்டித்துச் சொல்லுங்கள்" என்பார்கள். நானும் பல ஆண்டுகள் பிள்ளையின் பக்கம் திரும்பிக் கண்டித்திருக்கிறேன். பாட்டு வேறு, படிப்பு வேறு. பாட்டுக் கேட்டவன் தேறியதில்லை என்று சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் என் கண்முன் ஒருவன் நிற்பான். பாட்டை நம்பித் தேர்வில் தோற்றவன். என் இளமைக்கால நண்பன்.

2014ஆம் ஆண்டு அந்த நண்பனோடு, நாங்கள் பள்ளிப் பருவத்தில் நேசித்த ஓர் இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு மீண்டும் சென்றேன். அன்றிலிருந்து அந்தக் கண்டிப்பு வாசகத்தை நான் சொல்வதில்லை. ஏன் என்பதை விளக்க வேண்டுமானால் அந்தக் குழுவின் வரலாற்றையும், நம் பிள்ளைகள் கடந்து வந்த ஒரு கல்விக் காலத்தின் வரலாற்றையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

பினாங்கில் பிறந்த குழு

அலிகேட்ஸ் என்ற பெயரை நம் நாட்டில் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் சொல்லிப் பாருங்கள். மலாய்க்காரராயினும் சீனராயினும் தமிழராயினும் உடனே ஒரு புன்னகை வரும். வட்டமாகப் படர்ந்த சுருள்முடியுடன் மேடையில் நின்ற டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் சகோதரர்கள் நினைவுக்கு வருவார்கள். பினாங்கைச் சேர்ந்த இவ்விருவரும் 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய குழு அது. தந்தையின் பெயரைப் பாருங்கள், ஆறுமுகம். நம் வீடுகளிலும் தோட்டங்களிலும் கூப்பிட்டுப் பழகிய பெயர். அந்தப் பெயரைத் தாங்கியவர்கள்தாம் மலாய் மொழியின் இனிமையான காதல் பாடல்களை நாடு முழுவதும் பாடவைத்தார்கள்.

இது எப்படி நிகழ்ந்தது என்பதை அறிய, அன்றைய பினாங்கை நினைத்துப் பார்க்க வேண்டும். 1960களில் அத்தீவு இன்னும் வரியில்லாத் துறைமுகமாக இருந்தது. எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஆஸ்திரேலிய வான்படையினர் தங்கியிருந்தனர். வியட்நாம் போர்க்களத்திலிருந்து ஓய்வுக்காக அனுப்பப்பட்ட அமெரிக்கப் படையினரும் வந்துபோயினர். இவர்கள் மாலை நேரங்களைக் கழிக்க விடுதிகள் இருந்தன. விடுதிகளுக்கு ஆங்கிலப் பாடல்களை வாசிக்கும் குழுக்கள் தேவைப்பட்டன. மற்றொரு பக்கம், பீட்டில்ஸ் அலை மலாயாவைத் தாக்கி 'பாப் யே யே' என்ற புதிய மலாய் இசையைப் பிறப்பித்திருந்தது. ஊருக்கு ஊர் 'கூகிரான்' குழுக்கள் முளைத்தன. 'கும்புலான் கித்தார் ராஞ்சாக்' என்பதன் சுருக்கமே கூகிரான். விறுவிறுப்பான கித்தார்க் குழு என்பது பொருள். கித்தார் வாங்க வசதியில்லாத இளைஞரும் இரவல் வாங்கிப் பழகிய காலம் அது.

அலிகேட்ஸ் குழுவினரும் தொடக்கத்தில் ஆங்கிலப் பாடல்களையே பாடினர். 1970களில் ஹாங்காங் சென்று அங்குள்ள இரவு விடுதிகளில் வாசித்தனர். அந்தப் பயிற்சிதான் பிற்காலத்தில் அவர்களது மேடைத் திறத்துக்கு உரமாயிற்று என்பது என் எண்ணம். இரவுதோறும் அந்நியர் கூட்டத்தின் முன் மணிக்கணக்கில் வாசிப்பவனுக்குக் கூட்டத்தின் மனம் தெரிந்துவிடும்.

அவர்கள் வெளிநாட்டில் வாசித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் நம் நாட்டின் மொழிச் சூழல் மாறிக்கொண்டிருந்தது. 1967இல் தேசிய மொழிச் சட்டம் வந்தது. 1969 மே கலவரத்துக்குப் பின், 1970 சனவரியில் ஆங்கிலவழித் தொடக்கப்பள்ளிகளின் முதலாம் வகுப்பு மலாய் மொழிக்கு மாறியது. ஆண்டுக்கொரு வகுப்பாக அம்மாற்றம் மேலேறிச் சென்றது. 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடியது. பள்ளியும் அலுவலகமும் வானொலியும் மலாய் மொழியை மையமாகக் கொண்டு திரும்பின. அலிகேட்ஸும் 1970களின் இறுதியில் மலாய்ப் பாடல்களுக்குத் திரும்பினார்கள். சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிர் போன்ற இளம் இசையமைப்பாளர்களின் மெட்டுகள் அவர்களது குரலுக்குப் பொருந்தின. 1980களின் தொடக்கத்தில் அவர்களது ஒலிநாடாக்கள் ஒலிக்காத காப்பிக் கடை இல்லை என்றால் அது மிகையாகாது.

ஒரே மாற்றம்தான். அந்தச் சகோதரர்களுக்கு அது கதவாயிற்று. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குச் சுவராயிற்று. இதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

புகுமுக வகுப்பு

நானும் என் நண்பனும் தென் செபராங் பிறையில் ஒரு இரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். இருவரின் பெற்றோரும் பால்மரம் வெட்டியவர்கள். 1973இல் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே நாளில் சேர்ந்தோம். ஆறாண்டுகள் தமிழில் படித்தோம். 1979இல் நகரத்து இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது, எங்களை முதலாம் படிவத்தில் சேர்க்கவில்லை. புகுமுக வகுப்பில் உட்காரவைத்தார்கள். 'ரிமூவ் கிளாஸ்' என்று எல்லோரும் சொல்லும் வகுப்பு. தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து வரும் மாணவர்கள் மொழியைத் தேற்றிக்கொள்ள ஓராண்டு கூடுதலாகப் படிக்கும் ஏற்பாடு அது.

ஏற்பாட்டின் நோக்கம் நல்லதுதான். ஆயினும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஒரு தாழ்வாகத்தான் படும். தமிழ்ப்பள்ளியில் கணக்கில் முதல் மாணவனாக இருந்தவன், அங்கே கேள்வி புரியாமல் விழித்தான். அறிவியல் ஆசிரியர் சொல்வதில் பாதி, காற்றோடு போயிற்று. வீட்டில் கேட்டுச் சொல்ல யாருமில்லை. என் தந்தைக்குச் சந்தை மலாய் தெரியும். மீன் வாங்கவும் பேருந்து ஏறவும் அது போதும். 'நாட்டின் ஏற்றுமதியில் இரப்பரின் பங்கு' என்று கட்டுரை எழுத அது போதாது. அந்த இரப்பரை வெட்டியவர் அவரே என்பது வேறு செய்தி.

எங்கள் முன் நின்ற கட்டாயம் இதுதான்: ஐந்தாம் படிவத்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் மற்றப் பாடங்களில் எவ்வளவு நல்ல மதிப்பெண் பெற்றாலும், மலாய் மொழித் தாளில் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. 1970 முதல் இருந்த விதி அது. சான்றிதழ் இல்லையேல் அரசாங்க வேலை இல்லை, ஆசிரியர் பயிற்சி இல்லை. மீண்டும் தோட்டம், அல்லது தொழிற்சாலை.

பாட்டுப் புத்தகம்

நண்பனின் அண்ணன் பட்டர்வொர்த்தில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, ஒலிநாடாப் பெட்டி ஒன்று வாங்கி வந்தார். அதோடு வந்தவை அலிகேட்ஸ் ஒலிநாடாக்கள். லயத்து வீட்டு வாசலில், மாலையில் அந்தப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம் கூடும். பெரியவர்கள் அந்தத் தலைமுடியைக் கண்டு முகம் சுளித்தார்கள். "நம்ம ஆறுமுகம் பிள்ளைகளா இதுங்க?" என்று என் பாட்டி கேட்டது நினைவிருக்கிறது. பாட்டுத் தொடங்கியதும் அதே பாட்டி வெற்றிலைப் பெட்டியுடன் வாசலுக்கு வந்துவிடுவார்.

நண்பனுக்குக் கூர்மையான செவி. பொருள் தெரியாமலே இரண்டு முறை கேட்டால் அப்படியே பாடிவிடுவான். கேட்டதை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினான். முதலில் மலாய்ச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினான். பிறகு உரோமன் எழுத்தில். நாடாவை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, மறுபடி கேட்டு எழுதுவான். எனக்குச் செவி மந்தம். ஆனால் இலக்கணத்தில் ஆர்வம். அவன் எழுதிய பக்கத்தின் ஓரத்தில், அகராதியைப் பார்த்து நான் குறிப்பு எழுதுவேன். அவன் காது, நான் கண் என்று ஒப்பந்தம்.

ஆசிரியர்களாகிய நீங்கள் இதை ரசிப்பீர்கள் என்பதால் இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

அவர்களது பாடல் ஒன்றின் தலைப்பு 'செகுந்தும் மாவார் மேரா, செபுவா புயிசி'. ஒரு சிவப்பு ரோஜா, ஒரு கவிதை என்பது பொருள். மலாய் மொழியில் பொருள்களை எண்ணும்போது எண்ணோடு ஓர் இனச்சொல் சேர வேண்டும். மலருக்குக் 'குந்தும்', பொதுவான பொருள்களுக்குப் 'புவா'. புவா என்றால் பழம் என்றும் பொருள். "பூவுக்கு மொட்டு சரி, கவிதைக்குப் பழமாடா?" என்று நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்போடு எங்களுக்கு அந்த இலக்கணம் பதிந்துவிட்டது. பள்ளியில் பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொன்னபோது பதியாத பாடம் அது.

இன்னொன்று, காதல் வணக்கத்தைச் சேர்ப்பிக்கச் சொல்லும் பாடல். அதன் தலைப்பு 'சம்பாய்க்கான்' என்று தொடங்கும். 'சம்பாய்' என்றால் சென்று சேர்தல். 'கான்' என்னும் விகுதி ஒட்டினால் சேர்ப்பித்தல். நம் மொழியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதன் சாயல்தான். தமிழ்ப்பள்ளியில் கற்ற இலக்கணம் வீணாகவில்லை, அது இங்கே உதவுகிறது என்று எனக்கு முதன்முதலில் விளங்கிய இடம் அதுதான். தாய்மொழியில் ஊன்றிய பிள்ளைக்கு இரண்டாம் மொழி எளிது என்று நாம் மேடைகளில் பேசுகிறோம். நான் அதை ஒரு காதல் பாட்டில் கண்டுகொண்டேன்.

ஐந்தாம் படிவத்துக்குள் அந்தப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களும் நிறைந்துவிட்டன. கடைசிச் சில பக்கங்களில் பாட்டு இல்லை. அங்கே நான் வேறொன்று எழுதியிருந்தேன். பாட்டில் வரும் 'ஆக்கு', 'காவ்' என்னும் சொற்கள் நெருக்கமானவர்களிடம் மட்டும் பேசுவதற்கு. கடிதத்திலும் கட்டுரையிலும் 'சாயா' என்றும் மரியாதைச் சொற்களாலும் எழுத வேண்டும் என்று, பாட்டுமொழிக்கும் தேர்வுமொழிக்கும் உள்ள வேறுபாடுகளை இரு பத்திகளாகப் பிரித்து எழுதிய பட்டியல் அது.

1984: ஒரு திடல், ஓர் இரவு

அந்த ஆண்டுப் பள்ளி விடுமுறையில், அலிகேட்ஸ் ஜார்ஜ்டவுனில் ஒரு திடலில் பாடப் போவதாகச் செய்தி வந்தது. வீட்டில் சொல்லாமல் பேருந்து ஏறினோம். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் கடலைக் கடந்தோம். பினாங்குப் பாலம் அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்தது; அது 1985இல்தான் திறக்கப்பட்டது.

திடலில் மேடைக்கு மிகத் தொலைவில்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. சகோதரர்கள் இருவரும் கட்டைவிரல் அளவில் தெரிந்தார்கள். ஆனால் குரல் தெளிவாக வந்தது. என்னைச் சுற்றி நின்ற மலாய் இளைஞர்களும் சீன இளைஞர்களும் சொல் தவறாமல் பாடினார்கள். நண்பனும் பாடினான். பக்கத்தில் நின்ற ஒரு மலாய்ப் பெரியவர் அவனைத் திரும்பிப் பார்த்து, தோளில் தட்டினார். பள்ளியில் வாய் திறக்கவே அஞ்சும் அவன் முகத்தில் அன்று கண்ட வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. இந்த மொழி எனக்கும் உரியது என்று அவன் உணர்ந்த நேரம் அது என்றே இன்று நினைக்கிறேன்.

திரும்பி வந்தபோது பட்டர்வொர்த்தில் கடைசிப் பேருந்து போய்விட்டது. பேருந்து நிலையத்திலேயே உட்கார்ந்து விடியும்வரை பாடிக்கொண்டிருந்தோம். வீட்டில் கிடைத்த அடி தனிக் கதை.

தேர்வும் அதன் பின்னும்

இனி எழுதுவது எனக்குப் பெருமை தருவதன்று.

தேர்வுக்கு முந்திய வாரத்தில் அந்தப் புத்தகத்தை நான் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். இரண்டு நாளில் தருவதாகச் சொன்னேன். தரவில்லை. கடைசிப் பக்கங்களை நான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். நண்பன் ஒருமுறை வந்து கேட்டான். தம்பி எங்கோ வைத்துவிட்டான் என்றேன். மறுமுறை கேட்டபோது, தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அந்தப் புத்தகம் அப்போது என் தலையணைக்கு அடியில் இருந்தது. எங்கள் இருவரில் ஒருவனுக்குத்தான் வாய்ப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஆயினும் அச்சம் அப்படித்தான் சொல்லியது.

மறு ஆண்டு முடிவு வந்தது. நான் தேறினேன். அவன் மற்றப் பாடங்களில் தேறி, மலாய்த் தாளில் தவறினான். விதிப்படி சான்றிதழ் இல்லை. சில மாதங்களில் சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போய்விட்டான். அங்கிருந்து இரண்டு கடிதங்கள் எழுதினான். இரண்டிலும் குறை ஒன்றும் இல்லை. கப்பல் பட்டறை வேலையைப் பற்றியும் புதிதாக வாங்கிய ஒலிநாடாவைப் பற்றியும் எழுதியிருந்தான். என்னால் பதில் எழுத இயலவில்லை. பிறகு நான் ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றேன். கண்டிப்பான ஆசிரியரானேன். வகுப்பில் பாட்டு முணுமுணுத்த பிள்ளைகளை எழுப்பி நிறுத்தினேன்.

2007 சூன் மாதம் லோகநாதன் ஆறுமுகம் புற்றுநோயால் காலமான செய்தியை நாளிதழில் படித்தேன். அன்று மாலை, நண்பனும் இதைப் படித்திருப்பான் என்று தோன்றியது. அவன் முகவரிகூட என்னிடம் இல்லை.

2014: மீண்டும் ஃபெரியில்

எங்கள் தோட்டத்துப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் புலனத்தில் ஒரு குழு தொடங்கினார்கள். அதில் ஒருநாள் எனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி வந்தது. "வாத்தியாரே, பினாங்கில் அலிகேட்ஸ் பாடுறாங்க. விருந்தோடு நிகழ்ச்சி. ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன்." அவ்வளவுதான். முப்பது ஆண்டு மௌனத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பட்டர்வொர்த்தில் சந்தித்தோம். சிங்கப்பூரிலிருந்து இரவுப் பேருந்தில் வந்திருந்தான். தலைமுடி கொட்டி, தொந்தி வைத்து, ஆனால் அதே சிரிப்பு. "என்னா, அந்தக் காலத்துல நம்ம ரெண்டு பேருக்கும் டேவிட் மாதிரி முடி இருந்துச்சு" என்று தன் தலையைத் தடவிக்கொண்டான். அவ்வாண்டு மார்ச் மாதம்தான் இரண்டாவது பினாங்குப் பாலம் திறக்கப்பட்டிருந்தது. பாலம் இரண்டிருந்தும் நாங்கள் ஃபெரியிலேயே சென்றோம். அப்போது பட்டர்வொர்த்தில் மட்டும்தான் கட்டணம் வாங்கினார்கள்; தீவிலிருந்து திரும்ப ஃபெரியில் கட்டணம் இருக்கவில்லை. அவன் எனக்கும் சேர்த்துச் சில்லறை போட்டான்.

டத்தோ டேவிட் ஆறுமுகம் மேடைக்கு வந்தபோது அரங்கம் எழுந்து நின்றது. எங்கள் மேசையில் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியை ஒருவரும், சீனத் தம்பதி ஒருவரும் இருந்தனர். எல்லோரும் பாடினோம். பழகிய பாடல்கள்தாம், ஆயினும் என் காது அங்கே இல்லாத இன்னொரு குரலைத் தேடிக்கொண்டே இருந்தது. 'அண்டாய்ஞா ஆக்கு பெர்கி டூலு' என்றொரு பாடல் அவர்களுக்கு உண்டு. நான் முதலில் போய்விட்டால் என்பது அதன் பொருள். இளமையில் அதைக் காதலர் பேச்சாக மட்டுமே கேட்டோம். உடன்பிறந்தவனை இழந்தவர் எதிரே நிற்கும்போது அதை நினைத்துப் பார்ப்பதே கனமாக இருந்தது. நண்பன் பாடுவதை நிறுத்திவிட்டு மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது ஆண்டுகளை வீணாக்கியவன் நான் என்பது எனக்கு அந்த நேரத்தில் முழுதாக உறைத்தது.

திரும்பும் ஃபெரியில் கூட்டமில்லை. பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து அவனிடம் நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன். தலையணையையும் சொன்னேன்.

அவன் வெகுநேரம் பக்கங்களைப் புரட்டினான். பிறகு சொன்னான்: "ரெண்டு தடவை வந்து கேட்டேன். ரெண்டாவது தடவை உன் கண்ணைப் பாத்தப்பவே தெரியும்டா."

நான் பேசவில்லை.

கடைசிப் பக்கத்துக்கு வந்து, அந்த இரு பத்திப் பட்டியலில் விரலை வைத்தான். "தேர்வுல தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தாங்க. நான் பாட்டு மலாய்ல எழுதிட்டேன். அவரைப் போய்க் 'காவ்'னு எழுதியிருக்கேன். வெளியே வந்தப்புறம்தான் உறைச்சுது." சற்று நிறுத்தி, "இது கையில இருந்திருந்தா தேறியிருப்பேனா, தெரியல. பாத்திருப்பேன். அது மட்டும் நிச்சயம்" என்றான்.

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஃபெரி கரையை நெருங்கும்போது அவனே பேச்சை மாற்றினான். தன் மகள் சிங்கப்பூரில் சாதாரண நிலைத் தேர்வில் தமிழில் சிறந்த தேர்ச்சி பெற்ற கதையைச் சொன்னான். அங்கே எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். தமிழ் ஒரு பாடம் மட்டுமே. மகள் வீட்டிலும் ஆங்கிலம் பேசத் தொடங்கியபோது அவனுக்கு வழி ஒன்றும் தோன்றவில்லையாம். ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கி, இளையராஜா பாடல்களைப் போட்டு, காதால் கேட்டதை எழுதச் சொன்னானாம். எழுதியதில் புரியாத சொல்லுக்கு இருவருமாக அகராதி பார்த்தார்களாம்.

"கடைசிப் பக்கத்துல ரெண்டு பத்தியும் போட்டேன்டா. பாட்டுத் தமிழ் ஒரு பக்கம், பரீட்சைத் தமிழ் ஒரு பக்கம். நீ போட்ட மாதிரியே."

நான் என் வகுப்பறையில் தடை செய்த வழியை, தேர்வில் தவறியவன் தன் வீட்டில் கையாண்டு ஒரு பிள்ளையின் தாய்மொழியைக் காப்பாற்றியிருக்கிறான். எனக்கு இதைவிடப் பெரிய பாடம் வேறு யார் சொல்லித் தர இயலும்?

இறங்கும்போது புத்தகத்தை என் கையிலேயே திருப்பித் தந்தான். "எனக்கு எதுக்கு? எனக்கு மனப்பாடம். உன் பிள்ளைங்களுக்குக் காட்டு."

நாம் செய்யக்கூடியது

ஆசிரிய நண்பர்களே, பாட்டுப் போதும், இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. என் நண்பனின் தேர்வுத் தாளே அதற்கு மறுப்பு. அவன் காது பெற்ற செல்வத்தை முறைப்படுத்திக் கொடுக்க ஒரு கடைசிப் பக்கம் தேவைப்பட்டது. அதேபோல, கடைசிப் பக்கத்தை மட்டும் கொடுத்து முன் பக்கங்களைக் கிழித்துவிட்டால் பிள்ளைக்கு மொழியின்மேல் பற்று எங்கிருந்து வரும்? முதலில் செவி, பிறகு இலக்கணம். இந்த வரிசையை நாம் பெரும்பாலும் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

அந்த ஆண்டிலிருந்து என் வகுப்பில் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஒரு நல்ல பாடலை ஒலிக்கச் செய்வதை வழக்கமாக்கினேன். மாணவர்கள் கேட்டு எழுதுவார்கள். பிழைகளை நான் திருத்துவதில்லை. அடுத்த முறை கேட்டு அவர்களே திருத்துவார்கள். பிறகு ஒரே ஒரு சொல்லை எடுத்துப் பகுதி, விகுதி பிரிப்போம். கட்டுரையில் அதை எப்படி எழுத வேண்டும் என்று எதிர்ப் பத்தியில் குறிப்போம். மலாய்ப் பாடல்களையும் சேர்த்துக்கொண்டேன். எல்லாரும் முதல் மாணவர்களாகிவிடவில்லை. ஆனால் வாயே திறக்காமல் பின்வரிசையில் இருந்த சில பிள்ளைகள், அந்தப் பத்து நிமிடத்தில் முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்ததை என் கண்ணால் கண்டேன்.

பெற்றோர்களே, அடுத்த முறை உங்கள் பிள்ளை காதில் பாட்டை மாட்டிக்கொண்டு திரிந்தால், பிடுங்குவதற்கு முன் ஒருமுறை கேளுங்கள்: "என்ன பாட்டு? எனக்கும் எழுதிக் காட்டு." அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை நிரப்ப நாங்கள் இருக்கிறோம்.

நண்பன் ஆண்டுக்கு இருமுறையாவது அழைக்கிறான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "புத்தகம் பத்திரமா இருக்கா?" பத்திரமாக இருக்கிறது என்பேன். தலையணைக்கு அடியில் இல்லை. என் மேசைமேல், யார் வந்தாலும் எடுத்துப் பார்க்கும்படி இருக்கிறது.